படம் திக்காமல் ஓட வேண்டும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோவைப் போட்டால் மாப்பிள்ளை நடக்க மாட்டார், தாவுவார். மண்டப வாசலில் ஒரு கால் தெரியும். அடுத்தது மணவறையில் உட்கார்ந்திருப்பார். நடுவில் எப்படிப் போனார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். நாதஸ்வரம் மட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்துக்கொண்டே இருக்கும். முதல் நாள் அதைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். என் தங்கச்சி சிரிக்கவில்லை. அவளுக்கு நாதஸ்வரம் கேட்காது.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. அதற்குள் பேசப் பழகியிருந்ததால் பேச்சு இருக்கிறது. கொஞ்சம் சத்தமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும். நாம் பேசுவதை உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவாள். வீட்டில் அவளைப் பற்றி யாரும் முணுமுணுக்கக்கூட முடியாது. அறைக்கு அந்தப் பக்கம் நின்று முணுமுணுத்தாலும் அவள் கண்ணில் பட்டால் தொலைந்தோம்.

வீடியோ எடிட்டிங் படித்து, நல்ல சான்றிதழோடு வெளியே வந்தவள் அவள். நேர்முகத்துக்குப் போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: ஃபோன் வந்தால் எப்படி எடுப்பீர்கள்? படம் வெட்டுகிற வேலைக்கு எதற்கு ஃபோன் என்று ஒரு இடத்தில் நானே உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது எங்கள் தாமானில் அத்தனை வீட்டுக்கும் தெரியும். அந்த வேலையும் கிடைக்கவில்லை. கடைசியில் கோல சிலாங்கூர் டவுனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பால் டின் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நானாவின் ஸ்டூடியோவில் எடிட்டராக இருந்தவர் வேலையை விட்டுவிட்டுக் கோலாலம்பூருக்குப் போனார். நானா என்று நாங்கள் கூப்பிடுவது டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் அண்ணனை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பாதிக்கு அவர்தான் கேமரா. எந்த மந்திரம் முடிந்ததும் தாலியை எடுப்பார்கள் என்பது சில மாப்பிள்ளைகளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அம்மா பாஸ்போர்ட் படம் எடுக்கப் போன இடத்தில் தங்கச்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நானா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு கல்யாணம் குடுத்துப் பாக்குறேன்லா. பத்தாங் காலியில நாலு மாசம் கழிச்சு மாப்ள வீட்டு விருந்து இருக்கு, அங்க பெரிய ஸ்கிரீன்ல போடணும். அது நல்லா வந்துச்சுன்னா அந்த நாற்காலி ஒங்க மகளுக்குத்தான்," என்றாராம். அம்மா பாஸ்போர்ட் படத்தை வாங்க மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார்.

மறுநாள் வீட்டில் வைத்தே வெட்டச் சொல்லி வீடியோக்களைக் கொடுக்கும்போது நானா ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுத்தார். "பொண்ணோட அப்பா மூஞ்சிய ரொம்பப் போடாதம்மா. பொண்ணு தானா பாத்துக்கிட்ட மாப்ள, அவருக்குப் பிடிக்கல. மாசக்கணக்கா மககிட்ட பேச்சு வார்த்த இல்லையாம். கல்யாணத்துக்கு வந்து நின்னதே பெரிய விசயம். ஒரு படத்துலகூட மனுசன் சிரிக்கல." தங்கச்சி தலையாட்டிக்கொண்டாள். அவளுக்கு அந்த அப்பாவைப் பற்றி அப்போது ஒரு அக்கறையும் இல்லை. அவளுக்கு வேண்டியது அந்த நாற்காலி.

படம் ஏன் திக்குகிறது என்று நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இப்போதைய கேமராக்கள் ஒவ்வொரு படத்தையும் முழுசாகச் சேர்த்து வைப்பதில்லை. அப்பப்போ ஒரு முழுப் படம், நடுவில் எல்லாம் என்ன மாறியது என்கிற குறிப்பு மட்டும். கம்ப்யூட்டர்தான் அந்தக் குறிப்பைப் பார்த்துப் பார்த்துப் படத்தைக் கட்டி நமக்குக் காட்ட வேண்டும். நானா ஒரு கல்யாணத்தை மூன்று கேமராவில் எடுப்பார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். கட்ட முடியாத படத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும், சத்தத்தை மட்டும் விடாது.

காது கேட்பவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. நானாவின் பழைய எடிட்டர் இதைவிட மோசமான மெஷினில் வருசக்கணக்காக வேலை பார்த்தவர். மேளம் எங்கே ஏறுகிறது, ஐயர் எங்கே நிறுத்துகிறார் என்று காதால் கேட்டே வெட்டிவிடுவார். தங்கச்சிக்குச் சத்தமும் பேச்சும் எல்லாமே படம்தான். பாதிப் படம் காணாமல் போனால் பாதிப் பேச்சு காணாமல் போய்விடும். "யாரு என்ன பேசுறாங்கன்னே தெரியல அக்கா. தெரியாம எங்க வெட்டுறது?" என்று அவள் கேட்டாள்.

நான் புஞ்சாக் ஆலாமில் ஒரு கிளினிக்கில் பதிவு கவுண்டரில் இருக்கிறேன். மதிய சாப்பாட்டு நேரம் முழுவதும் கம்ப்யூட்டர் சாமான்களைப் பற்றிய வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். நோயாளிகளின் பெயரைவிட பிராசஸர்களின் பெயர் எனக்கு நன்றாக வாயில் வந்தது. முதலில் ரேம் வாங்கிப் போட்டோம். இரண்டு நாள் படம் ஓடியது, பிறகு பழையபடி தாவியது. சுழலுகிற பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டோம். அதுவும் அப்படித்தான். தலையை அடகு வைக்காத குறையாக ஒரு கிராபிக்ஸ் கார்டும் வந்தது, மூன்று கேமராவையும் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு போகும் என்று விற்றவர் சத்தியம் செய்தார். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவரைக் கூப்பிட்டு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

நானா ஒரு வழி சொன்னார். பெரிய படங்களுக்குப் பதிலாகச் சின்ன நகல்களை உருவாக்கி அதை வைத்து வெட்டினால் மெஷினுக்குச் சுமை குறையும், எல்லோரும் செய்கிற வேலைதான். செய்து பார்த்தோம், படம் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆனால் கூட்டத்துக்கு நடுவில் நிற்பவர்களின் முகமும் வெண்ணெய் மாதிரி உருகியிருந்தது. வாய் இருக்கிற இடத்தில் ஒரு பழுப்புப் புள்ளி. தங்கச்சி திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது வேணாம்," என்று மூடிவிட்டாள்.

இந்த இடத்தில் அம்மாவைச் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் இருந்தது கூடத்தில், சாமி மேடைக்குப் பக்கத்தில். பிளக் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சாமான் வந்தபோதும் அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி. படம் திக்க ஆரம்பித்ததும், "யாரோ கண்ணு வச்சிட்டாங்க," என்று செவ்வாய்க்கிழமையும் சேர்த்துக்கொண்டார். கிராபிக்ஸ் கார்டும் கவிழ்ந்த பிறகு தினமும். தூபக்காலைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு முன்பக்கம், காற்று உள்ளே போகிற வலைக்கு நேராகப் பிடிப்பார். உள்ளே இருக்கும் ஃபேன் அத்தனை புகையையும் உறிஞ்சும். "பாத்தியா, எப்படி ஆசையா இழுத்துக்குது!" என்று அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். நானும் நின்று பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன்.

ஃபேன் சத்தம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. லோரி மேடேறுகிற மாதிரி கத்தும். பலமான மெஷின் என்றால் அப்படித்தான் கத்தும் என்று நான் அம்மாவுக்கு விளக்கம் கொடுத்தேன். கிளினிக்கில் படித்த படிப்பெல்லாம் அங்கே பயன்பட்டது.

விருந்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நானா வீட்டுக்கே வந்துவிட்டார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒன்மேல தப்பு இல்லம்மா. ஆனா நான் வாக்குக் குடுத்துட்டேன். இன்னும் ரெண்டு நாள் பாக்குறேன். முடியலன்னா கிள்ளான்ல ஒரு ஆளு இருக்காரு, அவருகிட்ட குடுத்துடுவேன்லா." அவர் போன பிறகு தங்கச்சி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பால் டின் அடுக்குகிற வேலையை அவள் விட்டுவிட்டிருந்தாள். விடச் சொன்னது நான்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கம்ப்யூட்டர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்காதவளுக்கு எதையும் தொட்டுப் பார்க்கிற பழக்கம் உண்டு. "அக்கா, இது ஏன் இப்படி நடுங்குது? கை வைக்க முடியல, கொதிக்குது. காலையில தொறந்ததும் நல்லா ஓடுது. கொஞ்ச நேரத்துல சூடாவுது, அப்புறந்தான் தாவுது," என்றாள். எனக்குத் திடீரென்று அந்த லோரிச் சத்தம் காதில் உறைத்தது. மூன்று மாதமாக நானும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். அது எங்களைக் கூப்பிட்ட சத்தம் என்று அப்போதுதான் தோன்றியது.

பெட்டியைத் தூக்கிக் காடியின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் தஞ்சோங் காராங்கில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரச் சீனத் தவுக்கே பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். கடை முழுக்க சாம்பிராணி மணம் பரவியது. அவர் இரண்டு முறை தும்மிவிட்டு, இது கம்ப்யூட்டரா இல்லை உங்கள் கோயிலா என்று மலாயில் கேட்டார். பிராசஸர்மேல் சூட்டை வெளியே தள்ளுகிற அலுமினியத் தகடுகள் இருக்கும், அதற்கு நடுவில் காற்று போகச் சந்து இருக்கும். எங்கள் கம்ப்யூட்டரில் சந்து இல்லை. காப்பி நிறத்தில் ஒரு பிசின், அதன்மேல் விபூதி பூசின மாதிரி தூசி. தவுக்கே தன் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். சூடு அளவுக்கு மீறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். நாங்கள் போட்ட புதுச் சாமான்கள் எல்லாம் நல்ல சாமான்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் உள்ளே இன்னும் கொஞ்சம் சூட்டைச் சேர்த்தது. படம் திக்கத் திக்க அம்மா புகை காட்டினார், புகை காட்டக் காட்டப் படம் திக்கியது. மெஷினில் குறையே இல்லை. மூச்சுதான் அடைத்திருந்தது.

அம்மா முகம் வாடிப்போனது. "சாமிக்குக் காட்டுறது எப்படிடி கெடுக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார். வழக்கமாக நான் இந்த இடத்தில் ஏதாவது சொல்லி ஏழரையைக் கூட்டியிருப்பேன். அதற்குள் தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெரிய, கட்டுப்பாடில்லாத சிரிப்பு, கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா, அதுக்கு மூச்சு முட்டுது. இனிமே புகைய எனக்குக் காட்டுங்க, நான் இருமிட்டுப் போறேன்," என்றாள். அம்மாவும் சிரித்துவிட்டார். தவுக்கே எல்லாவற்றையும் சுரண்டி, கழுவி, புதுப் பசை தடவி, இன்னொரு ஃபேனும் வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் மூன்று கேமராவும் ஒன்றாக ஓடின. மாப்பிள்ளை வாசலில் இருந்து மணவறை வரைக்கும் ஒவ்வொரு அடியாக, மனிதர் மாதிரி நடந்தார். தங்கச்சி எதையும் வெட்டவில்லை. முதலில் இருந்து கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்த ஆன்ட்டி சாப்பாட்டுல உப்பு இல்லங்கிறாங்க. இவரு காடிய யாரோ மறிச்சுட்டாங்களாம்," என்று எனக்கு ஒலிபரப்பு வேறு. அவ்வளவு சந்தோசமாக அவளை நான் பார்த்ததில்லை.

தாலி கட்டுகிற இடம் வந்தது. கெட்டிமேளம் கொட்டும்போது யார் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்கக் கூடாது, அதற்காகத்தான் அந்த மேளமே. நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் இருந்தன. எல்லோரும் அட்சதை வீசினார்கள். தங்கச்சி நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். திரும்பவும் ஓட்டினாள். "அக்கா, இங்க வா."

பக்கவாட்டுக் கேமராவின் படம். மூலையில், வீசுகிற கைகளுக்கு நடுவில், பெண்ணின் அப்பா. அட்சதையைப் போடக் குனிந்தவர் மகளின் தலைக்குப் பக்கத்தில் ஏதோ சொன்னார். அந்த முகம் திரையில் ஒரு ஐம்பது காசு அளவுதான். சின்ன நகலில் அது பழுப்புப் புள்ளியாக இருந்தது, திக்குகிற படத்தில் அது இருக்கவே இல்லை. தங்கச்சி பெரிதாக்கி, ஒவ்வொரு வார்த்தையாக, அந்த ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் சொன்னாள்: "நல்லா இரு தாயி. அப்பாவுக்குக் கோவம் இல்ல."

பெண் தலை குனிந்து தாலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை.

தங்கச்சி அந்த இடத்தில் அவருடைய வார்த்தையை எழுத்தாகப் போட வேண்டும் என்றாள். ஸ்டூடியோவுக்குப் போய் நானாவிடம் காட்டினோம். அவர் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு சத்தத்தை முழுசாக ஏற்றிக் கேட்டார். மேளத்தைத் தவிர ஒன்றுமில்லை. "அப்பான்னு சொல்றாரா அம்மான்னு சொல்றாரா, ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "ரெண்டும் உதட்டுல ஒரே மாதிரிதான் நானா. சொல்றது அவரு, அதனால அப்பா," என்றாள். நானாவுக்கு நம்பிக்கை வரவில்லை. திடீரென்று சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார். தங்கச்சி உடனே, "டீ வேணாம் நானா, நீங்க சீனி ஜாஸ்தி போடுவீங்க," என்றாள்.

நானா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பிறகு சொன்னார், "சரி, நம்புறேன். ஆனா அந்த மனுசன் யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு மேளத்துல சொல்லியிருக்காரு. அத நாம ஸ்கிரீன்ல போட்டா சபையில மானம் போச்சுன்னு சண்டைக்கு வந்துடுவாரு. அது இல்லாமலே குடுத்துடு, நல்லாத்தான் இருக்கு." அது சுலபமான வழி. வேலையும் கிடைத்துவிடும். நானே அவளைத் தலையாட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். "அவரோட வார்த்தை நானா. நாம போடவும் கூடாது, தூக்கி வீசவும் கூடாது. அவருகிட்டயே கேப்போம்." நானா பெருமூச்சு விட்டார். "அவரு கோவப்பட்டு ஸ்டூடியோ பேரு கெட்டுச்சுன்னா அந்த நாற்காலி ஒனக்கு இல்ல. இப்பவே சொல்லிட்டேன்." அவள் சரி என்றாள். எனக்கு அவளை அறையலாம் போலவும் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

பாகான் நக்கோடா ஓமார் பக்கம் பெண்ணின் அப்பா வீடு. நானாவின் காடியில் போனோம். அவர் தேங்காய் லோரி ஓட்டுகிறவர். வீட்டுக்கு முன்னால் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். நானாவைப் பார்த்ததும், "பணம்லாம் குடுத்தாச்சுல்ல?" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. நானா வணக்கம் சொல்லி, வெயிலைப் பற்றிப் பேசி, லோரியைப் பற்றிப் பேசி, விசயத்துக்கு வராமல் சுற்றிக்கொண்டிருந்தார். தங்கச்சி, "இத விருந்துல ஸ்கிரீன்ல போடலாமான்னு பாத்துச் சொல்லுங்க," என்று கையில் இருந்த டேப்லெட்டை நேராக அவர் முன்னால் நீட்டி ஓட விட்டாள்.

மேளம் கொட்டியது. அவர் தன் முகத்தைத் தானே பார்த்தார். கீழே வெள்ளை எழுத்தில் அவர் சொன்னது வந்தது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் மூடவில்லை.

"இது கேக்குதா?" என்றார்.

"கேக்கலங்க. மேளந்தான். நான் ஒங்க வாயப் பாத்தேன்," என்றாள் தங்கச்சி.

அவர் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "அப்ப... அவளுக்கும் கேக்கலையா?"

"கேட்டிருக்காதுங்க. அவங்க திரும்பவே இல்ல."

அவர் லோரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "அவ கேட்டும் பேசாம இருக்கான்னுல்ல நெனச்சேன். கல்யாணத்துல இருந்து ஒரு ஃபோன் இல்ல. நாந்தான் சொல்லிட்டேனே, இனி அவதானே பேசணும்னு நானும் ஃபோன் அடிக்கல." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, நான் வெட்கப்படாமல் அழுதேன். அவர் நானாவிடம் கேட்டார், "யாருங்க இந்தப் புள்ள?"

"எங்க ஸ்டூடியோ எடிட்டருங்க," என்றார் நானா.

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே என்னவோ சொன்னார். எனக்குக் கேட்டது. தங்கச்சிக்கு அவர் முகம் தெரியவில்லை. அவள் அந்த ஈரத் தரையில் அவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"என்னப் பாத்துச் சொல்லுங்கப்பா."

அவர் நிமிர்ந்தார். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னார்.

"எழுத்து பெருசா போடும்மா."